பழைய பெட்போர்ட் கேபினும் புது இசுசு சேசிஸும்: எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது?

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து பெட்போர்ட் ஓ வகை லாரி கொட்டகையில் கிடக்கிறது. கேபினும் பானட்டும் தேறும். சேசிஸின் பின்பாதியைக் கடற்காற்றும் துருவும் தின்றுவிட்டன. இன்னொரு பக்கம், முகம் நசுங்கிய இசுசு என்கியூஆர் என்ற நடுத்தர ஜப்பானிய லாரி ஒன்று மலிவாக வருகிறது. அந்தச் சேசிஸ் மேல் இந்தக் கேபினை ஏற்றி, வார நாட்களில் நாற்றுத்தட்டு ஏற்றவும் காவடி சமயத்தில் சாமி ஊர்வலத்துக்கு விடவும் முடியுமா, செலவு தகுமா என்பது கேள்வி.

முடியும். ஆனால் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள், தம்பி. கேபினுக்காகச் சேசிஸை மாற்றுவதா, சேசிஸுக்காகக் கேபினை மாற்றுவதா? கேபினை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம், நல்ல டிங்கர் கிடைத்தால் தடமே தெரியாது. சேசிஸில் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் கை வைத்தால் பாரம், பிரேக், ஸ்டியரிங், பதிவுத்தாள் எல்லாமே ஆடிப்போகும். பாதியில் நின்றுபோன வண்டிகளைப் பார்த்தால் அநேகமாக எல்லாமே இந்த முடிவை எடுக்காமல் வெல்டிங் மெஷினை எடுத்தவர்களுடையவை.

இப்படிக் கேபின் மாற்றுவதைக் காட்டும் அமெரிக்க வீடியோக்களை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அவர்கள் 1940களின் செவர்லே கேபினைத் தூக்கி டாட்ஜ் ராம் 3500 சேசிஸ் மேலோ ஃபோர்டு எஃப்-350 மேலோ வைக்கிறார்கள். அவை பிறவியிலேயே முன்னால் பானட் உள்ள வண்டிகள். எஞ்சின் முன்னால், ஓட்டுநர் பின்னால், பழைய வண்டியிலும் அதே வரிசை. அதனால் வேலை ஓரளவு நேராகப் போகிறது. அந்தச் சேசிஸ்கள் நமக்குக் கிடைக்காது. ஸ்டியரிங் இடப்பக்கம்; தவிர, பயன்படுத்திய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஆளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. நம் சாலையில் ஓடும் நடுத்தர லாரிகள், இசுசு, ஹினோ, ஃபியூசோ எதுவானாலும், எஞ்சின் மேல் கேபின் உட்கார்ந்திருக்கும் தட்டைமூக்கு வகைதான். ஆகவே நம் கணக்கு வேறு.

பெட்போர்டைப் பற்றி இரண்டு வரி. ஓ வகை 1939-ல் வந்தது, 1953 வரை செய்தார்கள். 3,519 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 72 குதிரைத்திறன். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், இரண்டு அளவு: குட்டையானது 111 அங்குலம், அதாவது 2.82 மீட்டர், நீளமானது 157 அங்குலம், ஏறக்குறைய நாலு மீட்டர். பெட்போர்டைச் செய்த வாக்ஸ்ஹால் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்கு 1925-லேயே போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1926 முதல் போர்ட் எலிசபெத்தில் ஆலை வைத்திருந்தது. பின்னாளில் இசுசுவும் அதே வீட்டு வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் பெரிதாக நுழைந்தது. ஒரு வகையில் பெட்போர்டும் இசுசுவும் தூரத்துச் சொந்தம்தான். அதற்காக போல்ட் ஓட்டை பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது வேலைக்கு வருவோம். எல்லோரும் பயப்படுவது எஞ்சினைக் கண்டு: தட்டைமூக்கு லாரியின் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறதே, அது எப்படி பானட்டுக்குள் வரும் என்று. டேப்பை எடுத்து அளந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஓ வகையில் ரேடியேட்டர் முன் ஆக்சிலின் மேலேயே கிட்டத்தட்ட நிற்கும், எஞ்சின் அதற்குப் பின்னால். இசுசு என் வரிசையிலும் ஏறத்தாழ அதே கதை: ரேடியேட்டர் ஆக்சில் பக்கத்தில், எஞ்சின் அதன் பின்னே, கியர்பாக்ஸ் கேபின் முதுகுக்குக் கீழே. எஞ்சினுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள உறவு இரண்டிலும் அவ்வளவு தூரம் விலகவில்லை. விலகியிருப்பது ஓட்டுநர். பெட்போர்டில் அவர் எஞ்சினுக்குப் பின்னால், இசுசுவில் எஞ்சினுக்கு மேல், ஆக்சிலை ஒட்டி. ஆக, மட்கார்டு வளைவை முன் சக்கரத்தின் மையத்தோடு பொருத்தியதும் ஓட்டுநரின் இடுப்பு ஒரு மீட்டருக்கு மேல் பின்னே போய்விடும். ஸ்டியரிங் ராடு, பெடல், கியர் கேபிள், ஹேண்ட்பிரேக், வயரிங் எல்லாம் அவர் பின்னாலேயே போக வேண்டும். இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான்.

அதோடு இரண்டு விளைவுகள் வரும். ஒன்று, பின்னால் பாடிக்கு மிஞ்சும் நீளம் குறையும். அந்த ஒரு மீட்டரில் நாற்றுத்தட்டு எத்தனை அடுக்கு போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால் என்கியூஆரில் நீள வீல்பேஸ் உள்ளதாகத் தேடுங்கள்; குட்டைச் சேசிஸ் மலிவு என்று வாங்கிப் பிறகு நீட்டும் யோசனை வேண்டாம். இரண்டு, எடை பின் ஆக்சிலுக்கு நகரும். கேபின், உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வையுங்கள். வீல்பேஸ் 3.8 மீட்டர். 1.1 மீட்டர் பின்னே தள்ளினால் 600-ஐ 1.1-ஆல் பெருக்கி 3.8-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 174 கிலோ முன் ஆக்சிலை விட்டுப் பின் ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏற்றும் முன்பே. முன்பக்கம் எடை குறைந்தால் ஈரச் சாலையில் ஸ்டியரிங் லேசாகிவிடும், பின் ஆக்சிலுக்கு எழுதியிருக்கும் வரம்பும் சீக்கிரம் எட்டிவிடும். ஆகவே பாடியை வடிவமைக்கும்போது கனமான பொருள் முன்னால் வரும்படி யோசியுங்கள். டீசல் டாங்கியையும் பேட்டரியையும் முடிந்தவரை முன்னே கொண்டுவாருங்கள்.

தட்டைமூக்கு சேசிஸில் ஆக்சிலுக்கு முன்னாலும் ஒரு மீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உண்டு. கேபின் கவிழும் கீல், பம்பர், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் அங்கேதான். கீல், பம்பர் பிராக்கெட் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். ஸ்டியரிங் பாக்ஸை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பெட்போர்டின் கிரில்லுக்கு முன்னால் சேசிஸ் மூக்கு துருத்திக்கொண்டு நிற்பது அசிங்கமாகத் தெரியும், வெட்டத் தோன்றும். ஸ்டியரிங் பாக்ஸுக்கும் முன்னே இருக்கும் கடைசித் துண்டைக் குறைப்பது பாவத்தில் சின்னப் பாவம். அதையும் லாரிக்குப் பாடி கட்டுபவர்களுக்காகக் கம்பெனி தரும் பாடிபில்டர் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும். அந்தக் கையேடு இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. எங்கே ஓட்டை போடலாம், எங்கே கூடாது, எந்த அளவு போல்ட் என்று அதில் படம் போட்டே கொடுத்திருப்பார்கள். பொதுவான விதி ஒன்றுதான்: சேசிஸ் உத்தரத்தின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ஓட்டையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். வளைவின் பளு முழுவதும் அங்கேதான் ஓடுகிறது. பிராக்கெட் எதுவானாலும் நடுச்சுவரில், முடிந்தால் ஏற்கனவே இருக்கும் ஓட்டையில், போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் கேபினை உட்கார வைப்பது. இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஷோவில் பளபளக்கும் வண்டிகள் ஆறு மாதத்தில் கதவு மூடாமல் போவது இங்கேதான்.

லாரிச் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்து மண்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நாலு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த முறுக்கத்தால்தான். ஆனால் கேபின் ஒரு தகரப் பெட்டி, முறுக்கத் தெரியாது. நாலு மூலையிலும் இறுக்கி போல்ட் போட்டால் சேசிஸின் முறுக்கம் நேராகக் கேபினுக்குள் ஏறும். முதலில் கதவின் மேல் பின்மூலை இடிக்கும், பிறகு கண்ணாடித் தூணின் அடியில் பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு விழும், அதற்கப்புறம் தகரமே கிழியும். பழைய ஆட்கள் இதற்குத்தான் ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது மூன்று புள்ளித் தாங்கல்: முன்னால் இரண்டு ரப்பர் மவுண்ட், பின்னால் நடுவில் ஒரே ஒரு கீல் மவுண்ட், சேசிஸ் முறுக்கிக்கொண்டாலும் கேபின் முறுக்கிக்கொள்ளாதபடி. பின்னால் இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும் என்றால் அவை ஒரு குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து, அந்தச் சட்டம் நடுவில் ஊசலாடும்படி இருக்க வேண்டும்.

பெயிண்டுக்கு முன்னால் இதைச் சோதித்துவிடுங்கள். கேபினைத் தற்காலிகமாக போல்ட் போட்டு, கதவுகளை மாட்டி, எல்லா இடுக்கையும் அளந்து மாஸ்கிங் டேப்பில் அங்கங்கேயே எழுதி ஒட்டுங்கள். பிறகு முன் வலது சக்கரத்தையும் பின் இடது சக்கரத்தையும் 20 சென்டிமீட்டர் கட்டைமேல் ஏற்றுங்கள். சேசிஸ் மூலைக்கு மூலை முறுக்கும். மறுபடி அளங்கள். கதவின் மேல் மூலையில் முன்பு ஒரு ராண்ட் நாணயம் நுழைந்த இடத்தில் இப்போதும் நுழைகிறதா? கதவைத் திறந்து மூடினால் பூட்டு அதே சத்தத்தோடு விழுகிறதா? பிறகு எதிர்மூலைகளை ஏற்றி இன்னொரு முறை. இடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் மவுண்டைத் திருத்துங்கள். கதவுக் கீலைத் திருத்தி ஒப்பேற்றாதீர்கள். பானட்டும் ரேடியேட்டர் கூடும் கேபினோடு சேர்ந்து ஆட வேண்டும், ரேடியேட்டர் மட்டும் சேசிஸோடு. அந்த இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விடாவிட்டால் கிரில் போய் ரேடியேட்டரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

என்கியூஆரின் நசுங்கிய கேபினைத் தூக்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போட அவசரப்படாதீர்கள். நான் சொல்வது இது: அதன் தரை, பெடல் சட்டம், ஸ்டியரிங் தண்டின் தாங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குக் குழாய் ஆகியவற்றை முழுதாக வெட்டி எடுத்து, அவற்றைச் சுற்றி பெட்போர்டின் தோலை உடுத்துங்கள். வெளியே தாத்தாவின் லாரி, உள்ளே கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்த பெடல் நீளமும் ஸ்டியரிங் கோணமும். பெடலைப் புதிதாகக் கற்பனை செய்து வைப்பதைவிட இது பாதுகாப்பு, சோதனை நிலையத்தில் பேச்சும் குறைவு. நசுங்கல் எதுவரை போயிருக்கிறது என்று வாங்கும் முன்பே பாருங்கள். தரை வளைந்திருந்தால் சேசிஸ் மூக்கும் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். முன் ஆக்சிலின் ஒவ்வொரு பக்க ஸ்பிரிங் ஊசியிலிருந்தும் பின் ஆக்சிலின் எதிர்ப்பக்க ஸ்பிரிங் ஊசிக்குக் குறுக்காக டேப் பிடித்தால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் மலிவு விலையே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஸ்டியரிங் பாக்ஸ் ஆக்சிலுக்கு முன்னால், நீங்கள் அதற்கு ஒன்றரை மீட்டர் பின்னால். நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் போட்ட இணைப்புத் தண்டு வரும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் 30 டிகிரிக்கு மேல் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று நேராகவும் மற்றது திரும்பியும் நின்றால் ஸ்டியரிங் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனக்கும், இரண்டு இடத்தில் லேசாகும். மூன்று ஜாயின்ட் போட நேர்ந்தால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு கயிறு போலத் துள்ளும். இந்தத் தண்டில் மட்டும் பட்டறை வெல்டிங் கூடவே கூடாது. ஸ்ப்லைன் என்ற பல்வரிசை வெட்டி, பூட்டு போல்ட்டோடு, ஸ்டியரிங் வேலை மட்டுமே செய்யும் இடத்தில் செய்து வாங்குங்கள். செலவைக் குறைக்க ஆயிரம் இடம் இருக்கிறது, இது அதில் ஒன்றல்ல.

பிரேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை நீங்கள். பழைய வண்டிக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. சேசிஸோடு வந்த பிரேக்கை அப்படியே வையுங்கள்: மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பாரத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் வால்வு, ஏபிஎஸ் இருந்தால் அதன் பெட்டி, எக்ஸாஸ்ட் பிரேக் எல்லாம். பெடல் பின்னே போவதால் குழாய் நீளும், அவ்வளவுதான் மாற வேண்டும். அந்த பார வால்வு பின் ஸ்பிரிங் உயரத்தைப் பார்த்து வேலை செய்வது. பாடி எடை மாறினால் அதைத் திரும்பச் செட் செய்ய வேண்டும், பலர் மறந்துவிடுவார்கள். பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் சாலையில் 2013 செப்டம்பரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி 24 பேரைக் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் அதே இறக்கம். தாத்தா அந்த இறக்கங்களை 72 குதிரைத்திறனோடு, முதல் கியரில், அரை மணி நேரம் எடுத்து இறங்கியிருப்பார். இன்றைய 5.2 லிட்டர் டர்போ டீசலுக்கு அதைப்போல் இருமடங்குக்குக் குறையாத சக்தி இருக்கிறது, பின்னால் வருபவருக்கும் பொறுமை இல்லை.

சக்கரம் பார்வைக்கு முக்கியம். பெட்போர்டின் மட்கார்டு வளைவு 20 அங்குல ரிம்முக்காக வரைந்தது. டயரோடு 90 சென்டிமீட்டரைத் தாண்டும். 17.5 அங்குல ரிம்மில் 215/75 டயர் போட்டால் விட்டம் 77 சென்டிமீட்டர்தான். பெரியவர் சட்டையைச் சின்னப் பையன் போட்டதுபோல் வளைவுக்குள் சக்கரம் தொலைந்துபோகும். 19.5 அங்குல ரிம்மில் 245/70 போட்டால் 84 சென்டிமீட்டர் வரும், பார்க்க நன்றாக இருக்கும். அதே போல்ட் வட்டத்தில் ரிம் கிடைக்கிறதா, டயரின் பார எண் ஆக்சில் வரம்புக்குக் குறையவில்லையா, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது எங்கும் உரசவில்லையா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு: 17.5 அங்குலச் சக்கரத்தைவிட டயர் ஒன்பது சதம் பெரிதாகிவிட்டதால் மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 87. மீட்டரைத் திருத்த வேண்டும். ஏற்றத்தில் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். புது ஆக்சில் பழையதைவிட அகலம், சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். மட்கார்டை நடுவே நீளவாக்கில் பிளந்து பட்டை சேர்த்து அகலப்படுத்துவது நல்ல டிங்கருக்கு ஒரு வார வேலை. கேபினை வெட்டலாம் என்று சொன்னது இதற்குத்தான்.

மின்சாரம். வாங்கியதும் கேபினைக் கழற்றும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பாருங்கள், மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். பிறகு கேபினை எடுத்துவிட்டு, வயரிங் முழுவதையும் ஒரு பலகைமேல் பரப்பி, டேஷ்போர்டு, சாவி, எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியூ, ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் கோர்த்து, மொட்டைச் சேசிஸாகவே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது ஓடினால்தான் அடுத்த வேலை. எந்தப் பிளக் தேவையில்லை என்று நினைத்து வெட்டுகிறீர்களோ அதுதான் கிளட்ச் சுவிட்சாகவோ திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் வளையமாகவோ இருக்கும். வயரை வெட்டாமல் சுருட்டி வையுங்கள், நீட்ட வேண்டிய இடத்தில் ஒரே அளவு வயரால் நீட்டுங்கள். ஜப்பானிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். பெட்போர்டின் வைப்பர், ஹாரன், விளக்கு 12 வோல்ட். கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் ஹாரனையாவது காப்பாற்றலாம், அது காப்பாற்ற வேண்டிய ஹாரன். சேசிஸில் எங்கே வெல்டிங் செய்தாலும் பேட்டரி இரண்டு முனையையும் ஈசியூ பிளக்கையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

ரேடியேட்டருக்கு இன்டர்கூலரும் சேர்ந்து வரும், பெட்போர்ட் கிரில்லின் வாய் குறுகல். பிப்ரவரி மாதத்து டர்பன் வெயிலில், ஊர்வலத்தில் மணிக்கணக்காக நடைவேகத்தில் போவதுதான் உங்கள் வண்டிக்குக் கடினமான வேலை, நெடுஞ்சாலை அல்ல. ரேடியேட்டரைச் சுற்றி காற்று வெளியே வழுவாமல் தகர மறைப்பு போடுங்கள், விசிறிக்கூட்டை எடுக்காதீர்கள்.

கேபின் தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். கதவின் அடிவரம்பு, கூரை ஓரத்து நீர்வழி, படிக்கட்டுக் குழி, பின்சுவரின் கீழ்மூலைகள் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பெரிய தட்டையான தகரத்தை அழுத்தமாக மணல் அடித்தால் அலை அலையாகிவிடும்; பானட்டுக்குக் குறைந்த அழுத்தம், அல்லது துரு நீக்கும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பது. ஒன்றை மட்டும் விடாதீர்கள்: அந்தக் காலத்தில் சீட்பெல்ட் கிடையாது. புதிய பெல்ட்டைப் பழைய தகரத் தூணில் மாட்டினால் மோதலில் தூணே பிய்ந்து வரும். சீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாயில் ஒரு வளைவுச் சட்டம் செய்து, அதன் கால்கள் கேபின் மவுண்ட் இருக்கும் இடத்தில் இறங்கும்படி வைத்து, பெல்ட்டை அதில் மாட்டுங்கள். உள் துணி போட்டால் வெளியே தெரியாது.

இனி தாள். வெல்டிங் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டியது இது. பெட்போர்டின் பழைய பதிவுத்தாள் உங்களிடம் இருக்கிறது, அதையே இந்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வண்டியின் அடையாளம் சேசிஸ் எண்ணில் இருக்கிறது, கேபின் முகத்தில் அல்ல. பெட்போர்ட் எண்ணை இசுசு சேசிஸில் ஏற்றுவது குற்றம். வேலை முடிந்ததும் வண்டி பல வண்டிகளிலிருந்து கட்டப்பட்டதாக, நாம் பேச்சில் கோட் 3 என்கிறோமே அந்த வகையில், பதிவாகும். அதற்குப் போலீஸ் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சோதித்துச் சான்று தர வேண்டும், எடைமேடைச் சான்று வேண்டும், சாலைத்தகுதிச் சோதனை தேற வேண்டும். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் உறுதிமொழியும் வேண்டும். இசுசுவை வாங்கும் முன்பே அதன் கோட் எண் என்ன என்று கேளுங்கள். கோட் 4 என்றால் நிரந்தரமாக அழிக்கப்பட்டது, 3ஏ என்றால் உதிரிபாகத்துக்கு மட்டும். இரண்டும் சாலைக்குத் திரும்ப வராது. மலிவு விலைக்குக் காரணம் பல சமயம் அதுதான். உங்கள் திட்டத்தை ஒரு படமாக வரைந்து, சோதனை நிலையத்தில் முன்கூட்டியே காட்டிப் பேசிவிடுங்கள். மறுக்கப்போவதை இப்போதே மறுக்கட்டும்.

இன்னொன்று, சேசிஸோடு அதன் வகையும் வரும். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டிய சரக்கு வண்டி அது. கார் உரிமம் போதாது, சி1 உரிமம் வேண்டும். தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் ஆபரேட்டர் அட்டையும் வேண்டும். வருடா வருடம் தகுதிச் சோதனை உண்டு. 9,000 கிலோவுக்கு மேலான சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. என்கியூஆர் வகை அதற்குக் கீழேதான் நிற்கும் என்றாலும் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். ஊர்வலத்தன்று பின்பாடியில் ஆட்களை ஏற்றுவது தனி விஷயம். சாமிக்கும் குருக்களுக்கும் கைப்பிடிச் சுவர் வைத்த மேடை செய்துகொள்ளுங்கள், கூட்டத்தை ஏற்றாதீர்கள், காப்பீட்டுக்காரரிடம் அன்றைய பயன்பாட்டை எழுதிச் சொல்லிவிடுங்கள்.

செலவு தகுமா என்றால், நாற்று ஏற்ற மட்டும் என்றால் தகாது. அதே பணத்துக்கு நசுங்காத என்கியூஆர் வாங்கி மறுநாளே வேலைக்கு விடலாம். பணம் போவது சேசிஸிலும் அல்ல, பாகங்களிலும் அல்ல. டிங்கரின் மணிக்கணக்கில், கடைசியாகக் கண்ணாடி, ரப்பர் பட்டை, வயரிங் என்று சில்லறை சில்லறையாக. தாத்தாவின் முகம் பண்ணை வாசலில் நிற்க வேண்டும், கோயில் வாசலுக்கும் வர வேண்டும் என்பதற்கு நீங்கள் ஒரு விலை வைத்திருந்தால் அப்போது தகும். சிலர் கலப்பு வண்டியே கூடாது, பழையதைப் பழையதாகவே மீட்க வேண்டும் என்பார்கள். சேசிஸ் நன்றாக இருந்தால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எஞ்சின் மாற்றுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. நிறவெறி ஆட்சிக்கு எதிரான பொருளாதாரத் தடைக் காலத்தில் எந்தக் கம்பெனி லாரியானாலும் பெரும்பாலும் கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸில் செய்த ஏடிஇ (அட்லாண்டிஸ் டீசல் எஞ்சின்ஸ்) எஞ்சினைத்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. பெர்கின்ஸ், மெர்சிடிஸ் வடிவங்களை உரிமம் வாங்கிச் செய்தவை. பிரிட்டிஷ் மூக்கோ ஜப்பானியக் கேபினோ, உள்ளே ஜெர்மன் வடிவ எஞ்சின் என்று ஓடிய லாரிகளில்தான் நம் அப்பாக்கள் கரும்பும் காய்கறியும் ஏற்றினார்கள்.

கடைசியாக, கேபினைக் கழற்றிய பிறகு மிஞ்சும் பெட்போர்டை இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். சேசிஸ் எண் அடித்த முன்பாதி, 3,519 சிசி எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஆக்சில், பழைய பதிவுத்தாள் ஆகிய ஐந்தும் ஒன்றாக இருந்தால் அது இன்னும் ஒரு வண்டிதான். எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, வாயை அடைத்து, தரையில் படாமல் கட்டைமேல் வையுங்கள். ஓ வகையை அசலாக மீட்பவர்களுக்கு அது தேவைப்படும். விற்கும் எண்ணம் வந்தால் தாளோடு சேர்த்தே விற்றுவிடுங்கள், தாளைத் தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.